அந்தப் பந்து எப்போது செத்தது?

“டீச்சர், விசில் ஊத வரமாட்டேங்குது.”

திருமேனி இப்படித்தான் ஆரம்பித்தார். வணக்கம்கூடச் சொல்லவில்லை.

லில்லி டீச்சர் பேஸ்கட்பால் களத்தின் ஓரத்தில் பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, பிய்ந்துபோன கூடை வலையை நைலான் கயிற்றால் முடிந்துகொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார்.

“மூச்சு வருதா?”

“வருது.”

“பிறகென்ன?”

“விசில் வாய்க்குப் போனதும் நின்னுருது.”

டீச்சர் மறுபடி வலையைப் பார்த்தார்.

ரெஃப்ரிகளுக்குப் பரீட்சை வைக்கிறவர் அவர். அந்த வட்டாரத்தில் யார் கழுத்தில் விசில் தொங்க வேண்டுமென்றாலும் முதலில் அவர் முன்னால் போய் நிற்க வேண்டும். ஆனால் திருமேனியைவிட வயதில் இளையவர். திருமேனி ரெஃப்ரி ஆன காலத்தில் லில்லி ஸ்கூல் டீமில் ஆடிக்கொண்டிருந்த பெண். எத்தனையோ முறை திருமேனி அவருக்கு ஃபவுல் கொடுத்திருக்கிறார். இன்று அவரிடமே வந்து நிற்கக் கூச்சமாகத்தான் இருந்தது. வேறு யாரிடம் போவது?

“நேத்து ஒரு ஸ்கூல் மேட்ச் டீச்சர். ஒருத்தன் பந்தைத் தட்டாமலே இடுப்புல இடுக்கிக்கிட்டு ஓடுதான், தண்ணிக்குடம் தூக்கிட்டுப் போற மாதிரி. நான் பார்த்துக்கிட்டே நிக்கேன். விசில் வாயில இருக்கு. ஊதல.”

“பசங்க ஒண்ணும் சொல்லலியா?”

“சொன்னாங்க. ‘வாயில என்ன சார், கொழுக்கட்டையா’ன்னாங்க.”

டீச்சருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு கையை நீட்டினார்.

“கொடுங்க அதை.”

விசிலை வாங்கினார். காதருகே வைத்துக் குலுக்கினார். முந்தானையால் துடைத்தார். கன்னம் உப்ப ஒரு ஊது ஊதினார்.

களத்தின் மதிலுக்கு அந்தப் பக்கம் பஸ் ஸ்டாண்டு. புறப்பட்டுக்கொண்டிருந்த ஒரு பஸ் கிறீச்சென்று நின்றது.

“எவம்ல விசிலடிச்சது?” என்று டிரைவரின் குரல்.

“நான் அடிக்கல அண்ணே!” என்று கண்டக்டரின் குரல்.

“அப்போ எங்க தாத்தாவா வந்து அடிச்சாரு?”

களத்தில் இருந்தவர்களெல்லாம் சிரித்தார்கள். டீச்சரும் இந்த முறை அடக்கவில்லை.

சிரித்து முடித்துத் திரும்பியபோது திருமேனியின் முகத்தில் ரத்தமே இல்லை.

“விசில் நல்லாத்தான் இருக்கு,” என்றார் டீச்சர். “உங்களுக்குத்தான் என்னமோ ஆயிருக்கு. உட்காருங்க.”

திருமேனி தரையில் உட்கார்ந்தார்.

கண்டக்டர் ஒரு விசில் கொடுத்தால் பஸ் நிற்க வேண்டும். ரெண்டு கொடுத்தால் போகலாம். இது ஊருக்கே தெரியும். அந்தக் களத்தில் ஆடுகிறவர்களின் காதுக்கு அது பழகிப்போனது. காக்கா கத்துவதுபோலக் கேட்டும் கேட்காமலும் ஆடுவார்கள். பல வருஷமாக அங்கே ஊதிய திருமேனிக்கும் அப்படித்தான் இருந்தது, கோயில் கொடைத் திருவிழாவுக்கு நடத்துகிற கோப்பையின் கடைசி ஆட்டம் வரைக்கும்.

அன்றைக்குக் கூட்டம் மதில்மேல் எல்லாம் ஏறி உட்கார்ந்திருந்தது. மேலத்தெரு அணி ஒரு பாயின்ட் பின்தங்கி இருந்தது. ஆட்டம் முடியப்போகிற நேரம். பந்து அவர்கள் கேப்டன் நம்பிராஜன் கையில். பஸ் ஸ்டாண்டு முக்கில் மெடிக்கல் ஸ்டோர் வைத்திருப்பவன், முப்பது வயதுக்காரன். அவன் எழும்பினான். பந்து கையை விட்டது.

அப்போது ஒரு விசில் கேட்டது.

அன்று திருமேனியோடு இன்னொரு ரெஃப்ரியும் ஊதினார். அவர்தான் எதையோ பார்த்து ஊதிவிட்டார் என்று நினைத்துத் திருமேனியும் ஊதினார். பந்து போய் வளையத்தைத் தொடாமல் வலைக்குள் இறங்கியது.

மற்ற ரெஃப்ரி இவரைப் பார்த்தார். இரண்டு கையையும் விரித்தார். நான் ஊதலியே.

மதிலுக்கு அப்பால் ஒரு பஸ் நின்றுகொண்டிருந்தது.

“அந்த நிமிஷமே தெரிஞ்சுபோச்சு டீச்சர். கண்டக்டர் விசிலுக்கு நான் ஊதியிருக்கேன். பந்து கையை விட்டப்புறம் ஊதினா அது சாகாது. உள்ள விழுந்தா கணக்கு. சின்னப் புள்ளைக்கும் தெரியும்.”

“சொல்ல வேண்டியதுதானே?”

“எப்படிச் சொல்ல? ‘பஸ்ஸை நிறுத்த ஊதினான், நான் ஆட்டத்தை நிறுத்திட்டேன்’னு சொல்லவா? அவ்வளவு கூட்டம். சிரிச்சே கொன்னிருப்பாங்க.”

“அதனால?”

திருமேனி தன் இரண்டு கைகளையும் பார்த்தார். பிறகு மெதுவாக அவற்றை நெஞ்சுக்குக் குறுக்கே கத்தரிக்கோல்போல அடித்துக் காட்டினார். கூடை செல்லாது என்பதற்கு ரெஃப்ரி காட்டுகிற சைகை.

“டெட் பால்னேன். பந்து கையில இருக்கும்போதே ஊதியாச்சு, செத்துருச்சுன்னேன்.”

“நம்பி என்ன சொன்னாப்ல?”

“‘கையை விட்டப்புறம் சார்’ன்னான். ‘ஊதினவனுக்குத் தெரியாதா’ன்னு கேட்டேன். அவன் சொன்னான், ‘முதல்ல பஸ் ஊதுச்சு சார், அப்புறம்தான் நீங்க ஊதுனீங்க’ன்னு. கூட்டம் சிரிச்சுது. அவனை ஆட்டத்தை விட்டே வெளியேத்திட்டேன்.”

டீச்சர் ஒரு முடிச்சை இறுக்கினார்.

“எங்க நின்னு போட்டாப்ல அந்தப் பந்தை?”

“அதை யார் பார்த்தா? அந்தா, அந்தப் பக்கம்தான். ரெண்டு பாயின்ட் கொடுத்திருந்தா ஜெயிச்சிருப்பாங்க. அவ்வளவுதான் டீச்சர் நடந்தது.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான்.”

டீச்சர் எழுந்தார். திருமேனியின் விசிலைக் கூடைக் கம்பத்தில் இருந்த ஆணியில் மாட்டினார்.

“ஒண்ணு கேக்குதேன். கண்டுபிடிச்சுட்டு வாங்க. அதுவரைக்கும் இது இங்க தொங்கட்டும்.”

“கேளுங்க.”

“அந்தப் பந்து எப்போ செத்துச்சு?”

*

வீட்டுக்குப் போகும் வழியில் திருமேனி பஸ் ஸ்டாண்டு முக்கு வழியாகப் போகவில்லை. கொடை முடிந்ததிலிருந்தே போவதில்லை. நம்பிராஜன் கடை அங்கேதான். அவருக்குச் சர்க்கரை உண்டு. மாத்திரை வாங்க ரயில்வே கேட்டைத் தாண்டி இன்னொரு கடைக்குப் போவார். “பக்கத்துல கடை இருக்க, எதுக்கு இப்படி வெயில்ல நடந்து சாகுதீங்க?” என்று மனைவி கேட்டதற்கு, நடந்தால் சர்க்கரைக்கு நல்லது என்று சொல்லிவைத்திருந்தார்.

களத்தில்தான் தப்பிக்க வழியில்லை. சாயங்காலம் மற்றக் கூடையில் மேலத்தெருக்காரர்கள் பந்து போடுவார்கள். நம்பிராஜன் அவரைப் பார்த்த இடத்திலெல்லாம் நின்று, “வணக்கம் சார்,” என்பான்.

அந்த வணக்கத்தில் குத்தல் இல்லை. கேலி இல்லை. இருந்திருந்தால் திருமேனிக்குக் கொஞ்சம் சௌகரியமாக இருந்திருக்கும்.

*

“நான் ஊதினப்போ செத்துச்சு டீச்சர்.”

மறுநாள் சாயங்காலம். டீச்சர் நான்கு பேருக்கு ரெஃப்ரி வகுப்பு நடத்திக்கொண்டிருந்தார். அவர்களைத் தண்ணீர் குடிக்க அனுப்பிவிட்டு வந்தார்.

“நீங்க ஊதினப்போ பந்து எங்க இருந்துச்சு?”

“ஆகாசத்துல.”

“ஆகாசத்துல இருக்கிறதை விசில் கொல்லுமா?”

“கொல்லாது.”

“நான் ஸ்கூல்ல படிக்கும்போதே நீங்க எழுதின பரீட்சை இது. போயிட்டு வாங்க.”

அவர் போய்விட்டு வந்தார்.

“வலைக்குள்ள விழுந்ததும் செத்துச்சு. கூடை விழுந்தா பந்து செத்துரும்ல?”

“கூடை விழுந்துச்சுன்னு நீங்க ஒத்துக்கிட்டீங்களா?”

“இல்ல.”

“பின்ன எப்படிச் செத்துச்சு?”

திருமேனி கழுத்தைத் தடவிக்கொண்டார். விசில் கயிறு இல்லாத கழுத்து யாரோ வேறு ஆளுடையதுபோல இருந்தது.

பிறகு சில நாள் அவர் வரவில்லை. வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால் சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பார். ஒருநாள் மனைவி தட்டை வாங்கிவைத்துவிட்டு, “யாரு செத்துட்டாங்கன்னு இப்படி உட்கார்ந்திருக்கீங்க?” என்று கேட்டாள்.

“அதைத்தான் யோசிக்கேன்,” என்றார் திருமேனி.

அவள் அவரை ஒருமாதிரியாகப் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

*

மூன்றாவது முறை வந்தபோது அவர் உட்காரவில்லை.

“கடைசி மணி அடிச்சாங்கள்ல டீச்சர்? அப்போ செத்துருச்சு. மணி அடிச்சா மேட்ச் முடிஞ்சுது. எல்லாப் பந்தும் செத்த பந்துதான். இதுக்கு மேல என்கிட்ட பதில் கிடையாது.”

“மணி அடிச்சதும் எல்லாரும் வீட்டுக்குப் போயிட்டீங்களா?”

திருமேனி குனிந்து தன் ஷூவைப் பார்த்தார்.

“திருமேனி சார், கேக்குதேன்ல? மணி அடிச்சப்புறம் என்ன நடந்துச்சு?”

மற்றக் கூடையில் மேலத்தெருக்காரர்கள் பந்து போட்டுக்கொண்டிருந்தார்கள். பந்து பலகையில் பட்டுத் திரும்பும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

“கமிட்டித் தலைவர் மைக்கைப் பிடிச்சாரு,” என்றார் திருமேனி. “பெரியவர்கிட்ட மரியாதையில்லாமப் பேசினவன் மன்னிப்புக் கேட்டாத்தான் அடுத்த வருஷம் மேலத்தெருவை ஆட விடுவோம்னாரு. நம்பி முதல்ல மாட்டேன்னான். அவன் பொஞ்சாதி முதல் வரிசையில உட்கார்ந்திருந்தா. டீம் பசங்க எல்லாரும் அவன் மூஞ்சியவே பார்த்தாங்க.”

“ம்.”

“வந்தான்.”

“வந்து?”

“காலைத் தொட்டான் டீச்சர். குனிஞ்சு, கை ரெண்டையும் என் ஷூ மேல வச்சான். எல்லார் முன்னாலயும். அவன் பொஞ்சாதி எந்திரிச்சுப் போயிட்டா, பார்க்க மாட்டாம.”

“நீங்க என்ன செஞ்சீங்க?”

திருமேனியின் வலது கை தானாக உயர்ந்தது. காற்றில், ஒரு தலையின் உயரத்தில், உள்ளங்கை கீழே பார்க்க நின்றது.

“தலையில கை வச்சேன்,” என்றார். “‘நல்லா இருப்பா’ன்னேன்.”

கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் பின்னால் கட்டிக்கொண்டார்.

“கூட்டம் கைதட்டுச்சு டீச்சர். பெரிய மனுஷன்னு சொன்னாங்க. எனக்கு மாலை போட்டாங்க. வீடு வரைக்கும் கழுத்துல போட்டுக்கிட்டே போனேன்.”

டீச்சர் முடித்துவைத்த வலையை மடித்து ஸ்டூல்மேல் வைத்தார்.

“இப்போ சொல்லுங்க. எப்போ செத்துச்சு?”

திருமேனி மற்றக் கூடையின் பக்கம் பார்த்தார். அந்தப் பக்கம் அவர் தலை திருப்பிப் பார்த்து மாதக்கணக்கில் ஆகிவிட்டது.

“சாகல,” என்றார்.

டீச்சர் நடந்துபோய் மூலையில் கிடந்த பந்து ஒன்றை எடுத்தார். மூட்டுவலிக்காரர், மெதுவாகத்தான் நடந்தார். திரும்பி வந்து திருமேனியின் தோளைப் பிடித்துக் களத்தின் ஓரக்கோட்டுக்கு வெளியே கொண்டுபோய் நிறுத்தினார். எதிரே நம்பிராஜனும் ஆட்களும்.

பந்தை அவர் காலடியில் வைத்தார்.

இரண்டடி பின்னால் போனார்.

வெளியே போன பந்தை ஒருவர் கோட்டுக்கு வெளியே நின்று உள்ளே எறிய வேண்டும். அதற்கு விசில் கிடையாது. ரெஃப்ரி பந்தை அவர் கைக்கு எட்டும் இடத்தில் வைத்தாலே அதற்கு உயிர் வந்துவிடும். ஐந்து எண்ணுவதற்குள் எறிந்தாக வேண்டும். எறியாவிட்டால் பந்து எதிராளிக்கு. திருமேனி இதை எத்தனையோ பேருக்கு எண்ணியிருக்கிறார். அவருக்கு யாரும் எண்ணியதில்லை.

டீச்சரின் கை பக்கவாட்டில் ஒருமுறை வீசியது. ஒன்று.

“என்ன டீச்சர் இது?”

இரண்டாம் முறை வீசியது.

“அவ்வளவு பேர் இருக்காங்க. நாளைக்குக் கடையில போய்த் தனியாச் சொல்லுதேனே. காலைத் தொட்டது கூட்டத்துல, சரி, ஆனா…”

சொல்லிக்கொண்டிருக்கும்போதே தான் சொல்வது அவருக்கே கேட்டது. நிறுத்தினார்.

மூன்று.

“விசிலாவது ஊதுங்க டீச்சர்.”

டீச்சர் அவர் காலடியைப் பார்த்தார். கை நான்காம் முறை வீசியது.

திருமேனி குனிந்து பந்தை எடுத்தார்.

“நம்பீ!”

கத்தியது தன் குரல்தானா என்று அவருக்குச் சந்தேகமாக இருந்தது. பந்து களத்தின் குறுக்கே பறந்தது. நம்பிராஜன் திரும்பி, சட்டென்று இரண்டு கையாலும் பிடித்தான்.

“வணக்கம் சார்.”

“வணக்கம் கிடக்கட்டும்.” திருமேனி கோட்டைத் தாண்டி உள்ளே வந்தார். நடக்க நடக்கக் களம் நீண்டுகொண்டே போவதுபோல இருந்தது. மேலத்தெருக்காரர்கள் ஆட்டத்தை நிறுத்திவிட்டு நின்றார்கள். அன்றும் வகுப்புக்கு வந்திருந்த நான்கு பேரும் தண்ணீர்ப் பானையை விட்டுவிட்டு வந்தார்கள். மதில்மேல் உட்கார்ந்திருந்த ரெண்டு பேர் பீடியை வாயிலிருந்து எடுத்தார்கள்.

“கொடைக்கு ஆடின ஃபைனல்ல,” என்றார் திருமேனி, எல்லோருக்கும் கேட்கும்படி, “பந்து நம்பி கையை விட்டப்புறம்தான் நான் ஊதினேன். கண்டக்டர் விசிலைக் கேட்டு ஊதிட்டேன். அப்பவே எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் பொய் சொன்னேன்.”

பீடிக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

பிறகு மதில்மேல் இருந்தவன் சிரித்தான். “ஏ, பஸ்ஸுக்கு ஊதினாராம்ல!” அடுத்தவனும் சிரித்தான். சிரிப்பு மதிலிலிருந்து இறங்கிக் களத்துக்குள் வந்தது. மேலத்தெருக்காரர்களில் ஒருவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான்.

அவர் பயந்த அதே சிரிப்பு. அது வந்தது, கொஞ்சநேரம் இருந்தது, போனது. திருமேனி நின்ற இடத்திலேயே நின்றார்.

நம்பிராஜன் மட்டும் சிரிக்கவில்லை. பந்தை நெஞ்சோடு அணைத்தபடி அவரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

திருமேனி குனியத் தொடங்கினார்.

நம்பிராஜன் பந்தைப் போட்டுவிட்டுப் பாய்ந்து அவர் இரண்டு தோளையும் பிடித்தான்.

“அது வேண்டாம் சார். ஐயோ, வேண்டாம். ஒருத்தர் குனிஞ்சது போதும்.”

பிடித்த பிடியை விடாமலே நின்றான். அவன் கண் கலங்கியிருந்தது. பந்து உருண்டு உருண்டு கம்பத்தில் முட்டி நின்றது.

“அப்போ நான் என்னதான்டா செய்ய?”

“கொடுக்க வேண்டியதைக் கொடுங்க சார்.”

திருமேனி நிமிர்ந்தார். அவருக்குப் புரிந்தது. கால்களைச் சேர்த்து ரெஃப்ரி நிற்கிறபடி நின்றார். வலது கையைத் தூக்கி, இரண்டு விரல் நீட்டி, மணிக்கட்டைக் கீழே மடித்து அசைத்தார். கூடை செல்லும். ரெண்டு பாயின்ட்.

நம்பிராஜன் தலையை ஆட்டினான்.

“என்ன?”

“நீங்க என் காலைப் பார்க்கவே இல்லியே சார். நான் பெரிய கோட்டுக்கு வெளியில நின்னுல்லா போட்டேன்.” அவன் வளைந்த கோட்டைக் கை காட்டினான். “அங்கேருந்து போட்டா மூணு, சார்.”

திருமேனி நீட்டிய இரண்டு விரலையும் பார்த்தார்.

அதை மடக்கினார். பிறகு இரண்டு கைகளையும், இரண்டிலும் மூன்று மூன்று விரல் நீட்டி, தலைக்கு மேலே தூக்கினார்.